சாப்பாட்டுக்கு நூற்றுப்பத்து

எர்மெக் கோடு போட்ட தாள் ஒன்றை உப்பு டப்பாவுக்குக் கீழே செருகி வைத்துவிட்டு, "நீயே பாத்துக்க" என்று மட்டும் சொல்லிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். பெர்மெத் அதை உடனே எடுக்கவில்லை. மகளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து, தலை பின்னி, பூட்ஸ் மாட்டி அனுப்பிய பிறகுதான் எடுத்தாள். மார்ச் மாதம். நரீன் ஆற்றில் கரையோரப் பனி இன்னும் உடையவில்லை. சன்னல் கண்ணாடியின் உள்பக்கம் உறைந்திருந்ததால் வெளிச்சம் போதாமல், தாளை அடுப்பருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

எர்மெக்கின் எழுத்து எப்போதும் அப்படித்தான், பெரிது பெரிதாக, பள்ளிப்பிள்ளை எழுதியது போல. ஸ்லோவாக்கியாவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். வரி போகக் கைக்கு வருவது மாதம் ஆயிரத்து நூற்றைம்பது யூரோ. அதற்குக் கீழே கழிவுகள்: விடுதிக்கு நூற்றுத்தொண்ணூறு. ஏஜென்சிக்குத் தவணை நூறு. பஸ், போன் நாற்பது. துணி, மருந்து ஐம்பது. சாப்பாடு இருநூற்றைம்பது. மிச்சம் ஐந்நூற்று இருபது. அதற்கும் கீழே, கோடு கிழித்து, இங்கே அவன் சம்பாதிப்பதை எழுதியிருந்தான். கதவு, கம்பி, இரும்பு அடுப்பு என்று ஊரில் கிடைக்கிற வேலைகளைச் செய்து, வேலையே இல்லாத பனிக்காலத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதம் முப்பத்திரண்டாயிரம் சோம். யூரோவில் முந்நூற்று முப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுத்தொண்ணூறு. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை.

எழுதாதது என்ன என்று பெர்மெத்துக்குத் தெரிந்தது. பதினோரு வருடக் குடித்தனம். மாதம் நூற்றுத்தொண்ணூறு யூரோவுக்காக இரண்டு வருடம் உன்னையும் பிள்ளையையும் விட்டுப் போகவா என்று கேட்கிறான். போக வேண்டாம் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.

போன வாரம் இருவரும் தலைநகர் பிஷ்கெக் போய் ஏஜென்சியில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்கள். மணிக்கு எட்டு யூரோ என்று அங்கிருந்த அம்மாள் சொன்னதுமே அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தலைக்குள் பெருக்கல் போடத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. எர்மெக் மட்டும் கையைத் தூக்கி, வேலை கொடுக்காத நாளுக்கு என்ன கணக்கு, அன்றைக்கும் விடுதி வாடகை பிடிப்பீர்களா என்று கேட்டான். ஐரோப்பாவில் வேலை இல்லாத நாள் என்று ஒன்று உண்டா என்று அந்த அம்மாள் சிரித்தாள். "அண்ணன் போறதுக்கு முன்னாடியே லீவு கேக்குறாரு பாரு" என்று ரஹத் என்பவன் சொன்னான். அவனும் நரீன் ஊர்க்காரன், பஜாருக்குப் பின்னால் வீடு. அறையே சிரித்தது. எர்மெக் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், ஆறு மணி நேரம், வண்டியின் சன்னலைப் பார்த்தபடியே வந்தான். ஒப்பந்தத் தாளைச் சுருட்டி முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தான்.

பெர்மெத் தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் பள்ளிக்கூடத்தில் சமையற்காரி. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதிய உணவு. ஒரு பிள்ளைக்குக் கிரெச்காத் தானியம் எத்தனை கிராம், எண்ணெய் எத்தனை, இறைச்சி எத்தனை என்று சுவரில் அட்டவணை தொங்கும். அதைப் பார்க்காமலே அவளுக்குச் சொல்லத் தெரியும். ஏழு வயதுக்கு எவ்வளவு, பதினாலு வயதுக்கு எவ்வளவு, நாள் முழுக்க நெருப்பின் முன்னால் குனிந்து இரும்பை ஒட்டுகிற நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளைக்கு எவ்வளவு என்பதும் தெரியும். அதனால் அவள் தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர்கள் இருந்தது எர்மெக்கின் தம்பி மெலிஸ் வீட்டில், பின்னறையில். தகப்பன் வீடு கடைசிப் பிள்ளைக்கு என்பது ஊர் வழக்கம். மூத்தவன் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டியவன். மூத்தவன் தம்பியின் கூரைக்குக் கீழே ஒன்பது வருடமாக இருக்கிறான். ஊருக்கு வெளியே, கல்லறை மேட்டைத் தாண்டி, மனை இருந்தது. அதில் அஸ்திவாரம் போட்டு நான்கு வருடம். ஒவ்வொரு பனிக்காலமும் அது கொஞ்சம் வெடித்தது. மெலிஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் மனைவி சாய்ராவும் தப்பாக எதுவும் பேசமாட்டாள். "அவசரமே இல்லக்கா, மெதுவா கட்டுங்க. எங்க பிள்ளைங்க மூணும் இப்போதைக்கு ஒரே கட்டில்ல படுத்துக்கட்டும்" என்பாள். அவ்வளவு இனிமையாகச் சொல்வாள், அன்றைக்குச் சோறு இறங்காது.

பிஷ்கெக்கிலிருந்து வந்த மறுநாள், சாய்ராவின் நடுப்பிள்ளை, ஆறு வயதுப் பயல், நடையில் இருந்த ஆணியிலிருந்து மகள் பெகாயிமின் மேலங்கியைக் கழற்றிக் கீழே போட்டான். "இது எங்க வீட்டு ஆணி" என்றான். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் தாமாகவே இதையெல்லாம் கற்றுக்கொள்கின்றன. பெகாயிம் அழவில்லை, அம்மாவிடம் வந்து சொல்லவும் இல்லை. மேலங்கியை எடுத்துத் தட்டி, மடித்து, தலையணைக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் வைக்கிறாள். எட்டு வயது. காலையில் கசங்கிய மேலங்கியோடு பள்ளிக்கூடம் போகிறாள்.

பாத்திரங்கள் கழுவியானதும் பெர்மெத் சமையலறை மேசையில் தாளை விரித்தாள். பள்ளிக்கூடத்துப் பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டாள். துணி, மருந்து ஐம்பதை அழித்து இருபது என்று எழுதினாள். பஸ், போன் நாற்பதை இருபது ஆக்கினாள், நடக்கலாம். விடுதியிலும் ஏஜென்சியிலும் கைவைக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி. அதில் முதலில் இருநூறு எழுதிப் பார்த்தாள். பிறகு நூற்றைம்பது. கூட்டிக் கழித்தாள், புது வீட்டுக்குக் கூரை அடுத்த வருடத்துக்குள் வரவில்லை. நூற்றுப்பத்து என்று எழுதினாள். மிச்சம் எழுநூற்றுப்பத்து வந்தது. நாளுக்கு மூன்றரை யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, மாவு. அது பாட்டுக்கு மனசுக்குள் பட்டியல் ஓடியது. இறைச்சி என்ற வார்த்தையை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் எர்மெக் தாளைப் பார்த்தான். ரப்பர் தேய்த்த இடம் அழுக்காக, மெலிந்து போயிருந்தது. அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"நூத்திப்பத்தா?"

"அங்க உருளைக்கிழங்கு மலிவாம். நாலு பேர் சேந்து சமைச்சா செலவு குறையும்."

"யார் சொன்னா?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எர்மெக் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சரி. நீ சமையற்காரி, உனக்குத் தெரியும்" என்றான். அதில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

ஜூன் மாதம் அவன் போனான். ஜூலையிலிருந்து, ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி பணம் வந்தது. எழுநூற்றுப்பத்து யூரோ. ஒரு யூரோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெர்மெத் கொத்தனார் வைத்தாள். ஆகஸ்டில் வெடித்த அஸ்திவாரத்தைச் சரிசெய்தார்கள். செப்டம்பரில் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அக்டோபரில் சன்னல் மட்டத்துக்கு ஏறியது. அதற்குள் பனி விழத் தொடங்கியதால் சுவர்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கல் வைத்துவிட்டு நிறுத்தினார்கள். சாய்ரா ஒருநாள் கூடவே வந்து பார்த்துவிட்டு, "எங்க அத்தானுக்கு என்ன கை ராசி" என்றாள். முதல்முறையாக அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. பெர்மெத்துக்கு அது இனித்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரணமில்லாமல் பாடிக்கொண்டு வந்ததை அவளே கவனித்தாள்.

ஞாயிறுதோறும் எர்மெக் போனில் பேசினான். அங்கே நண்பகல், இங்கே சாயங்காலம். முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டுவான், பிறகு போன் எங்கேயாவது சாய்ந்து விட்டத்தைக் காட்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சூப் என்பான். என்ன சூப் என்றால் நல்ல சூப் என்பான். டிசம்பரில் கன்னம் ஒட்டியிருப்பதாக அவளுக்குப் பட்டது. கேட்டதற்கு, தாடி எடுத்துவிட்டேன், அதனால்தான் என்றான்.

மார்ச் நடுவில் வங்கி வாசலில் குல்பாராவைப் பார்த்தாள். ரஹத்தின் மனைவி. ஏஜென்சியில் அன்று கேலி பேசினானே, அவன் மனைவி. இரண்டு பேரின் கணவன்மாரும் ஒரே தொழிற்சாலை, ஒரே விடுதி, ஒரே மாடி. குல்பாரா முகம் வாடி நின்றாள். இந்த மாதமும் முந்நூறுதான் வந்திருக்கிறது என்றாள். பிறகு பெர்மெத்தின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள்.

பெர்மெத் சொன்னாள். குல்பாரா அதை நம்பாமல் இன்னொருமுறை கேட்டாள்.

ஜனவரியிலிருந்தே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம். ஆர்டர் குறைந்துவிட்டதாம். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, விடுதி வாடகை மட்டும் முழுசாகப் பிடித்துக்கொள்கிறார்களாம். எல்லோரும் பாதிதான் அனுப்புகிறார்கள். ரஹத் தினமும் புலம்புகிறானாம். குல்பாரா இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் லீவு நாள்ல காய்கறிச் சந்தையில மூட்டை இறக்கப் போறாராம். அழுகினத எடுத்துட்டு வந்து, கெட்ட பக்கத்த வெட்டிப் போட்டுட்டு வேக வெப்பாராம். எங்க வீட்டுக்காரர் அவருக்குச் 'சாமியார்'னு பேரே வச்சிட்டார். சேந்து சமைக்கலாம்னு கூப்பிட்டா, பங்குக் காசு கூடுதல்னு வரமாட்டேங்குறாராம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பெர்மெத் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெர்மெத் எடைத்தட்டின் முன்னால் நின்று, கொத்துக்கறியைக் கிராம் கிராமாக நிறுத்துக்கொண்டிருந்தபோது எத்தனை போட்டோம் என்று மறந்துபோனாள். முதலிலிருந்து நிறுத்தாள். மறுபடி மறந்தாள். உதவிக்கு இருந்த பெண் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். அவளுக்கு மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: சம்பளம் பாதியானபோது அவன் தாளை மாற்றி எழுதியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? முந்நூறு வந்திருந்தால் முந்நூறு என்று வாங்கிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எழுதிய எண்ணை அவன் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். அன்பினால் செய்கிறானா, அவளுக்குக் காட்டுவதற்காகச் செய்கிறானா? எது என்றாலும் வயிறு ஒன்றுதானே என்று தோன்றியபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

கூரை மரத்துக்கென்று வங்கியில் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து முந்நூறு யூரோவை எர்மெக்குக்கே அனுப்புவது என்று முடிவு செய்தாள். வங்கிப் பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாங்குறதுக்கு வேற படிவம்க்கா" என்றாள். வாங்குவதற்கில்லை, அனுப்புவதற்கு என்று பெர்மெத் சொன்னாள். அந்தப் பெண் எழுந்துபோய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்தாள். நரீனிலிருந்து அந்தத் திசைக்கு யாரும் அனுப்பி அவள் பார்த்ததில்லை போலிருந்தது.

எட்டாம் நாள் பணம் திரும்பி வந்தது. முந்நூறில் இரண்டு பக்கமும் கமிஷன் போக இருநூற்று எழுபத்தெட்டு. கூடவே, ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், அவனே கூப்பிட்டான்.

"எதுக்கு அனுப்புன?"

"சாப்பிடுறதுக்கு."

"வங்கிக்காரனுக்கு இருபத்திரண்டு யூரோ குடுத்திருக்க. அது எனக்கு ஆறு நாள் சாப்பாடு, தெரியுமா?"

ஆறு நாள். அவள் கொடுத்த எண்ணை வைத்தே வகுத்திருக்கிறான். அடுப்பருகே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், மகள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

"அன்னிக்கு நான் எழுதினது தப்பு" என்றாள். "அப்படி எழுதியிருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுதான் எழுதினேன்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற ஒலி மட்டும் கேட்டது.

"தப்பில்ல. நான் வாழ்ந்து பாத்துட்டேன். சரியாத்தான் வருது."

வந்துவிடுங்கள் என்றாள். சுவர் நின்றது போதும், கூரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆணி இல்லாவிட்டால் போகிறது என்றாள். ஆணி என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடம் முடிவதற்குள் கிளம்பினால் விசா செலவு, விமானச் செலவு எல்லாம் கட்டிவிட்டுத்தான் வரவேண்டும், இரண்டாயிரத்துக்கு மேலே ஆகும் என்று எர்மெக் பொறுமையாக விளக்கினான். இதையும் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். கொத்தனாரிடம் சொல்லி வை, ஏப்ரலில் மண் இளகியதும் தொடங்கட்டும் என்றான்.

கொத்தனார் ஏப்ரல் கடைசியில் வந்தார். பிளாஸ்டிக் தாளை எடுத்தபோது சுவரின் மேல்வரிசை ஈரத்தில் நொறுங்கியிருந்தது. இரண்டு வரிசை பிரித்துக் கட்ட வேண்டும் என்றார். எவ்வளவு ஆகும் என்று சொன்னார். பெர்மெத் தலையசைத்தாள். அந்தத் தொகை எத்தனை நாள் சாப்பாடு என்று வகுக்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. கட்டச் சொன்னாள். வேறு என்ன செய்வது? பாதிச் சுவரை வைத்துக்கொண்டு அவன் பட்டினி கிடந்ததற்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மற்றதையெல்லாம் பேசவில்லை. முகம் தெரிந்ததும், "போனை எங்கயும் சாய்க்காதீங்க. இன்னிக்கு நீங்க சாப்பிடுறத நான் பாக்கணும்" என்றாள்.

"இப்பவா?"

"இப்ப. நானும் பெகாயிமும் பாக்கணும்."

எர்மெக் சிரித்தான். பல் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். திரையில் வெகுநேரம் ஒரு மஞ்சள் சுவரும் குளிர்பெட்டியின் விளிம்பும் மட்டும் தெரிந்தன. தூரத்தில் ஆண்குரல்கள் என்னவோ பேசிக்கொண்டன, ஒருவன் சிரித்தான். பெகாயிம் பொறுமையிழந்து நாற்காலியில் ஆடினாள். அப்புறம் படம் குலுங்கியது, எர்மெக் உட்கார்ந்தான், முன்னால் ஒரு பெரிய தட்டு. உருளைக்கிழங்கு, பீட்ரூட் கலவை, நடுவில் சிவக்க வறுத்த கோழித்தொடை. தட்டைச் சாய்த்துக் காட்டினான்.

"பாத்தியா? ராஜா சாப்பாடு."

"சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். பெகாயிம் வகுப்பில் தனக்குப் பரிசு கிடைத்ததைச் சொன்னாள். வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று கேட்டாள். தன் அறைக்கு நீலம் அடிக்க வேண்டும் என்றாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ம் ம் என்று தலையாட்டியபடி உருளைக்கிழங்கை ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாக வெட்டி எடுத்தான். ரொம்ப மெதுவாக மென்றான். பெர்மெத் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி கோழித்தொடையைச் சுற்றிச் சுற்றிப் போனது, அதைத் தொடவில்லை. அது கிடந்த இடத்தில் அப்படியே, தோல்கூட நகராமல் கிடந்தது.

"கோழிய ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"நல்லத கடைசியில சாப்பிடுவேன்" என்றான். சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தான்.

அப்போது இணைப்பு தடுமாறிப் படம் நின்றுபோனது. பெகாயிம் போனைத் தட்டினாள், அப்பா, அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். குரல் போகவில்லை. எர்மெக் வாயருகே கரண்டியோடு, கண் பாதி மூடி, அசையாமல் இருந்தான். திரையின் ஓரத்தில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில், சட்டை மடித்துவிட்ட வேறு ஒருவருடைய கை மேசைமேல் விரிந்து கிடந்தது. தட்டு திரும்பி வரட்டும் என்று அது காத்திருந்தது.